ஜெகா டீச்சரின் பாதிக் கோடு

இதை எழுதுகிறவன் ஜெகதீஸ்வரியை முதன்முதலில் பார்த்தபோது அவருடைய இரண்டு பாதங்கள் மட்டும்தான் தெரிந்தன. பினாங்கின் டத்தோ கிராமாட்டில் ஒரு கடைவீட்டு மாடியில் இயங்கிய பாலர் பள்ளி அது. பதினாறு வாரப் பயிற்சிக்கான பல்கலைக்கழகக் கடிதத்தைக் கசங்காமல் பிடித்துக்கொண்டு அவன் படியேறிப் போனான். வகுப்பில் ஆளரவமே இல்லை. குட்டி நாற்காலிகள் சுவரோரம் அடுக்கிக் கிடந்தன. மேசைகளுக்கு அடியிலிருந்து மட்டும் குசுகுசுவென்று பேச்சு வந்தது. குனிந்து பார்த்தால், பதினெட்டுப் பிள்ளைகளும் மல்லாந்து படுத்து, மேசையின் அடிப்பக்கத்தில் ஒட்டியிருந்த தாள்களில் வரைந்துகொண்டிருந்தார்கள். கடைசி மேசைக்கு வெளியே ஒரு பெண்ணின் பாதங்கள் நீட்டிக்கொண்டிருந்தன.

“யாரது? காலை மிதிச்சிராதீங்க” என்றது மேசைக்கு அடியிலிருந்து ஒரு குரல்.

“பயிற்சிக்கு வந்திருக்கேன் டீச்சர்.”

“அப்ப வந்து படுங்க தம்பி. நின்னுக்கிட்டே இருந்தா ஒண்ணும் தெரியாது.”

கெடாவில் ஒரு கம்பத்து, அதாவது கிராமத்து, வீட்டிலிருந்து முதன்முதலாகப் பட்டம் வாங்கப் போகிறவன், பயிற்சிக்கென்றே தைத்த கால்சட்டையோடு சிமெண்டுத் தரையில் படுத்தான். மல்லாந்து வரையும்போது கை வேறு மாதிரிப் போகும், பழகிய படம் வராது, அதனால் பிள்ளை புதிதாக எதையாவது யோசித்தே ஆகவேண்டும் என்று டீச்சர் விளக்கினார். அவனுடைய பாடநூலில் இதற்கு ஒரு தனி அத்தியாயமே இருந்தது. அதைச் சொன்னான்.

டீச்சர் சிரித்துவிட்டார். “இதுக்கெல்லாம் பேரு வச்சிருக்காங்களா? எங்க வீட்டுல பைத்தியக்காரத்தனம்னுல்ல சொல்றாங்க!”

இனி அவனை ஓரமாக விட்டுவிடலாம். சொல்ல வேண்டியது டீச்சரைப் பற்றி. அந்தப் பதினாறு வாரத்தில் அவன் கண்ணால் பார்த்ததும், பிறகு டீச்சரே வாய்விட்டுச் சொன்னதும் சேர்ந்ததுதான் இது.

ஜெகதீஸ்வரிக்கு அப்போது முப்பத்து நான்கு வயது. ஆயர் ஈத்தாம் சந்தைக்குப் பின்னால் ஒரு ஃப்ளாட்டில் அப்பா வாசுவோடு இருந்தார். தினமும் பஸ் பிடித்து வந்து, பாலர் பள்ளியில் எழுத்தும் எண்ணும் சொல்லிக் கொடுத்தார். ஆனால் அவர் காத்துக் கிடந்தது வியாழக்கிழமைக்குத்தான். அன்று ஒன்றரை மணி நேரம் ஓவிய வகுப்பு.

பிள்ளைகள் வருவதற்கு முன்பே ஒவ்வொரு தாளிலும் கருப்பு மையால் ஒரே மாதிரி ஒரு சின்னக் கோடு போட்டு வைத்திருப்பார். ஒரு நாள் கொக்கி, ஒரு நாள் அரைவட்டம், ஒரு நாள் வெறும் மூன்று புள்ளி. மிச்சத்தை முடிப்பது பிள்ளையின் பாடு. பென்சிலைத் தொடுவதற்கு முன் தாளை நாலு பக்கமும் திருப்பிப் பார்க்க வேண்டும் என்பது சட்டம். பதினெட்டுத் தாள் ஒரே சமயத்தில் திரும்பும் சரசரப்பைக் கேட்டால் டீச்சருக்கு முகம் மலர்ந்துவிடும்.

“டீச்சர், நான் ரெண்டு மலை போடவா? நடுவுல சூரியன்?”

“மலைக்கு இந்த மாசம் லீவு. சூரியனுக்கு எம்சி, உடம்பு சரியில்ல. வேற ஆளைக் கூப்பிடு.”

இரண்டு பிளாஸ்டிக் கூடைகள் வைத்திருந்தார். ஒன்றில் மிருகங்களின் படச்சீட்டு, இன்னொன்றில் வீட்டுச் சாமான்களின் படச்சீட்டு. கண்ணை மூடிக்கொண்டு ஆளுக்கு இரண்டு எடுத்து, இரண்டையும் ஒட்டவைத்து ஒரு புது ஜந்து செய்ய வேண்டும். ஆமையும் சோற்றுப் பானையும் சேர்ந்து வேகவேகமாக நடக்கும். பூனைக்கு மின்விசிறியின் வால் முளைக்கும். சில நாள் கேள்வி மட்டும் கேட்பார்: “மழை மேலயிருந்து கீழ வராம, கீழயிருந்து மேல போனா என்னா ஆகும்?”

அந்தக் கேள்விக்குப் பெரும்பாலான பிள்ளைகள் குடையைத் தலைகீழாகப் பிடித்த மனிதர்களை வரைந்தார்கள். ஐந்து வயது நஸீஹா மட்டும் மனிதர்களை விட்டுவிட்டாள். அவள் வரைந்தது ஒரு லோங்காங், தெருவோரச் சாக்கடை. அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. காய்ந்த சாக்கடையில் ஏழு தவளைகள் வரிசையாக உட்கார்ந்து, மேலே போய்விட்ட தண்ணீரை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தன. கடைசித் தவளையின் கையில் ஒரு பை இருந்தது.

“அது ஏண்டா பை?”

“அது வீடு மாறுது டீச்சர். தண்ணி இல்லல்ல.”

ஜெகதீஸ்வரி அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். அதற்கு முந்தைய வாரக் கொக்கிக் கோட்டை இதே பிள்ளை தலைகீழாகத் திருப்பி ஒரு காதாக்கியிருந்தாள். காதுக்குள் துடைப்பத்தோடு ஒரு குட்டி மனிதர், கேட்ட சத்தங்களையெல்லாம் கூட்டித் தள்ளிக்கொண்டிருந்தார். எத்தனையோ பிள்ளைகளுக்குப் பென்சில் பிடிக்கக் கற்றுக்கொடுத்தாயிற்று. இப்படி ஒன்று கைக்கு வந்ததில்லை.

அவருக்கு அது பொறாமையா சந்தோஷமா என்று அவராலேயே பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஏனென்றால் ஜெகதீஸ்வரிக்கு வரைய வராது.

இதைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். அவர் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் அறுபத்து மூன்று கோப்பைகள் இருந்தன. எல்லாம் வண்ணம் தீட்டும் போட்டியில் வாங்கியவை. லாரி ஓட்டுநரான வாசு, ஞாயிறு தோறும் மகளை மோட்டார் சைக்கிளின் முன்னால் உட்காரவைத்து, மடக்கு மேசையைப் பின்னால் கயிற்றால் கட்டிக்கொண்டு, எந்தப் பேரங்காடியில் போட்டி என்றாலும் போய்விடுவார். அச்சடித்த படம் ஒன்று தருவார்கள். வானத்தை மூன்று நீலத்தில், கருநீலத்திலிருந்து வெளிர்நீலத்துக்கு, கோடு தெரியாமல் தேய்த்து இறக்க வேண்டும். ஆட்களைச் சுற்றி விரல் அகலத்துக்கு வெள்ளை ஒளி விட வேண்டும். கடைசியில் கருப்பால் எல்லா ஓரத்தையும் கட்ட வேண்டும். நாலு வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரை ஜெகதீஸ்வரியை அதில் மிஞ்ச பினாங்கில் ஆள் இல்லை.

பத்தொன்பது வயதில் ஓவிய ஆசிரியர் பயிற்சிக்கான தேர்வில் வெற்றுத் தாள் ஒன்றைக் கொடுத்து, ‘என் வீட்டுக் காலை’ என்று தலைப்புச் சொன்னார்கள். அவர் ஐம்பது நிமிடம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். வீடு தெரியும், காலை தெரியும், கை மட்டும் அசையவில்லை. மணியடிக்கப் பத்து நிமிடம் இருக்கையில் இரண்டு மலை, நடுவில் சூரியன், ஒரு தென்னைமரம் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தார். வானம் மட்டும் பிரமாதமாக இறங்கியிருந்தது.

வெற்றுத் தாள் என்றால் பயம், அது அன்றைக்குப் பிடித்தது. பாதிக் கோடும், கூடையும், மேசைக்கு அடியில் படுப்பதும் நூலகத்தில் தேடிப் படித்துச் சேர்த்தவை. தனக்காகத்தான் முதலில் ஆரம்பித்தார். தன்னிடம் பலிக்கவில்லை, வயது தாண்டிவிட்டது. பிள்ளைகளிடம் பலித்தது.

ஆனால் பெற்றோருக்குத் தவளை பிடிக்கவில்லை.

நஸீஹாவின் தகப்பன் சாதிக், காடிகளின், அதாவது கார்களின், கண்ணாடிக்குக் கருப்புத் தாள் ஒட்டும் கடை வைத்திருந்தார். நல்ல மனிதர். மகளைக் கூப்பிட வரும்போதெல்லாம் டீச்சருக்கும் ஒரு பொட்டலம் கொய்யாப்பழம் வாங்கி வருவார். ஒருநாள் காதுப் படத்தை மடித்த மடிப்போடு கொண்டுவந்து நீட்டினார்.

“என்னா டீச்சர் இது, காதுக்குள்ள ஆளு உக்காந்து கூட்டுறான்? எங்க அக்கா பாத்துட்டு, பிள்ளைக்கு ஓதிப் பாருங்கன்னு சொல்றா!”

“நல்லா யோசிக்கிறா அண்ணே. இந்த வயசுல இப்படி வராது.”

“யோசிக்கட்டும் லா, வேணாங்கல. அக்கா மவ அதே வயசு. வீட்டுல நாலு கோப்பை நிக்குது. நம்ம வீட்டுல தவளை நிக்குது.”

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். டீச்சரும் சிரித்துவைத்தார். ஆனால் அன்று மாலையே பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் அந்தச் சிரிப்பு புகாராக மாறியிருந்தது. வியாழக்கிழமை பிள்ளைகள் தரையில் உருளுகிறார்கள், உடுப்பெல்லாம் அழுக்கு, ஒரு படமாவது மாட்டி வைக்கிற மாதிரி இல்லை.

பாலர் பள்ளியை நடத்திய சலேஹா ஜெகதீஸ்வரியைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்தினார். பதினோரு வருடமாகத் தனி ஆளாக அந்த இடத்தை இழுத்துக்கொண்டு வந்தவர். யாரையும் கடிந்து பேசமாட்டார்.

“ஜெகா, வண்ணம் தீட்டச் சொல்லிக் குடுக்கிற சென்டர் ஒண்ணு வியாழக்கிழமையைக் கேக்குது. கோப்பைக்கு நாங்க பொறுப்புங்கறாங்க. பேரன்ட்ஸ் எல்லாம் அந்தப் பக்கம்தான்.”

“என் கிளாஸை எடுத்துருவீங்களா அக்கா?”

“எடுக்க மனசில்ல. ஒரு கோப்பை. ஒண்ணே ஒண்ணு வாங்கிட்டு வந்து வாசக் கண்ணாடில வை. எல்லாரு வாயையும் நான் அடைக்கிறேன். உனக்குத் தெரியாத வேலையா? அதுக்கப்பறம் நீ மேசைக்கு அடியில படு, கூரைக்கு மேல ஏறு, ஒருத்தரும் கேக்க மாட்டாங்க.”

மெர்டேக்கா எனும் சுதந்திர தினம் வரும் ஆகஸ்ட் மாதக் கடைசியில் ஒரு பேரங்காடியில் போட்டி இருந்தது. ஆறு வாரம். ஒரு பிள்ளை போதும்.

எந்தப் பிள்ளை என்பதில்தான் ஜெகதீஸ்வரி தவறிவிட்டார். பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது ஒவ்வொரு முகமாக நினைத்துப் பார்த்தார். எப்போதும் மலையே போடும் குணாளனைப் பழக்கலாம், கை அழுத்தமான கை. ஆனால் அவன் இப்போதுதான் மலையை விட்டு இறங்கி வருகிறான். மறுபடி ஏற்றிவிட்டால் இறங்கமாட்டான். தனுஜாவிடம் இருக்கிற கற்பனையே கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தில் கை வைக்க மனம் வரவில்லை. நஸீஹாவிடம்தான் ஊற்று மாதிரி இருக்கிறது. அதில் ஆறு வாரம் ஒரு குவளை மொண்டுகொண்டால் என்ன குறைந்துவிடும்? நிறைய இருக்கிற இடத்தில் எடுப்பதுதான் நியாயம் என்று அவர் கணக்குப் போட்டார். பினாங்கில் மற்ற யாரைவிடவும் இந்தக் கணக்கு தப்பு என்று தெரிந்திருக்க வேண்டியவர் அவர்தான்.

பள்ளி விட்டபின் தினமும் முக்கால் மணி நேரம். ஆயில் பேஸ்டல் நாற்பத்தெட்டு நிறப் பெட்டி, பழைய போட்டிப் படங்களின் நகல். முதல் நாள் நஸீஹா படத்தை நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். கொடி பிடித்த பிள்ளைகளுக்கு நடுவில் ஒரு தவளையை வரையத் தொடங்கினாள்.

“இல்லடா. இதுல நாம எதையும் சேக்கக் கூடாது. இருக்கிறதுக்குக் கலர் மட்டும்.”

“ஏன் டீச்சர்?”

“இது வேற விளையாட்டு.”

பிள்ளை ஒத்துக்கொண்டாள். விளையாட்டு என்றால் அவளுக்குச் சந்தோஷம். இரண்டாம் வாரம் வானம் இறங்கக் கற்றுக்கொண்டாள். மூன்றாம் வாரம் தாளைத் திருப்புவதை விட்டுவிட்டாள். திருப்பினால் கை பட்டு நிறம் கலையும் என்று டீச்சர்தான் சொன்னார். நாலாம் வாரத்திலிருந்து ஒவ்வொரு நிறத்தையும் எடுத்து, காகிதத்தில் வைப்பதற்கு முன் நிமிர்ந்து பார்த்தாள். “இது சரியா டீச்சர்?” டீச்சர் தலையாட்டினால்தான் கை இறங்கும்.

பயிற்சிக்கு வந்தவனுக்கும் இதெல்லாம் கண்ணில் பட்டது. அதே பாடநூல் அவன் பையிலேயே இருந்தது. அவன் ஒன்றும் சொல்லவில்லை. போட்டி விளம்பரத்தைப் பெரிதாக அச்செடுத்து வாசலில் ஒட்டியதுகூட அவன்தான்.

போட்டியன்று காலை ஜெகதீஸ்வரி தன்னுடைய பழைய மடக்கு மேசையையே கொண்டுபோனார். பேரங்காடியின் கீழ்த்தளத்தில் இருநூறு பிள்ளைகள், இருநூறு குட்டி மேசைகள். சுற்றிலும் கயிறு. கயிற்றுக்கு இந்தப் பக்கம் பெற்றோர் கழுத்தை நீட்டிக்கொண்டு கத்தினார்கள். ஒரு சீனத்தாய் கையாலேயே காற்றில் வானத்தைத் தேய்த்துக் காட்டினாள். சாதிக் கடையை அடைத்துவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார்.

“பாருங்க டீச்சர், எங்க புள்ள எப்படி உக்காந்திருக்குன்னு. பெரிய ஆபீசர் மாதிரி!”

கொடுத்த படத்தில் ஒரு குடும்பம், கொடி, பின்னால் பாலம். கீழ் மூலையில், யார் வரைந்தாரோ, சாலையோரமாக ஒரு சாக்கடையும் இருந்தது. காலியாக.

ஒரு மணி நேரம் கழிந்தபின் நஸீஹா அந்த மூலைக்கு வந்தாள். பச்சையை எடுத்தாள். சாக்கடைக்கு மேலே கை அப்படியே நின்றது. தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. ஒன்றைக் கண்டுபிடித்தால் அவள் அப்படித்தான் சாய்ப்பாள். பிறகு நிமிர்ந்து, கயிற்றுக்கு அப்பால் டீச்சரைத் தேடினாள்.

ஜெகதீஸ்வரிக்கு அவள் என்ன கேட்கிறாள் என்று தெரியும். தலையை மெல்ல, இடவலமாக ஒரு தடவை ஆட்டினார்.

பிள்ளை பச்சையைப் பெட்டியில் வைத்துவிட்டுச் சாம்பல் நிறத்தை எடுத்தாள்.

ஆறு வயதுக்குட்பட்டோரில் முதல் பரிசு. கோப்பை அவள் நெஞ்சு உயரம் இருந்தது. சாதிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பயிற்சிக்காரன் எல்லோரையும் நிற்கவைத்துப் படம் எடுத்தான். கடைசியில் தானும் கோப்பையைப் பிடித்துக்கொண்டு ஒன்று எடுத்துக்கொண்டான். திங்கட்கிழமை பாலர் பள்ளி முழுதுக்கும் சாதிக் வீட்டு பிரியாணி வந்தது. அடுத்த இரண்டு வாரத்தில் பதினான்கு பிள்ளைகள் புதிதாகச் சேர்ந்தார்கள். சலேஹா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். வியாழக்கிழமை ஜெகதீஸ்வரிக்கே என்று ஆயிற்று.

அந்த வாரத் தாளில் அவர் ஒரு சின்ன வளைவைப் போட்டு வைத்திருந்தார். தாள்கள் சரசரவென்று திரும்பின. நஸீஹாவின் தாள் மட்டும் திரும்பவில்லை. அவள் பேஸ்டல் பெட்டியைத் திறந்து வைத்து, கைகளை மடியில் வைத்துக் காத்திருந்தாள்.

“என்னாடா, ஆரம்பிக்கலியா?”

“நீங்க மிச்சத்தை வரஞ்சு குடுங்க டீச்சர். நான் நல்லா கலர் அடிக்கிறேன்.”

“இது பழைய விளையாட்டுடா. நீயே முடிக்கணும்ல?”

பிள்ளை வளைவைப் பார்த்தாள். பக்கத்துத் தாளை எட்டிப் பார்த்தாள். பிறகு அந்தச் சின்ன வளைவின் மேலேயே கருநீலத்திலிருந்து வெளிர்நீலம் வரை அழகாகத் தேய்த்து, ஓரத்தைக் கருப்பால் கட்டி, நீட்டினாள்.

ஜெகதீஸ்வரி தனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் செய்து பார்த்தார். மேசைக்கு அடியில் படுக்கவைத்தார். இடக்கையில் வரையச் சொன்னார். கூடைகளை நீட்டினார், ஆட்டுச் சீட்டும் தண்ணீர்ப் போத்தல் சீட்டும் வந்தன. நஸீஹா ஆட்டை ஒரு பக்கமும் போத்தலை ஒரு பக்கமும் சீட்டைப் பார்த்து அப்படியே வரைந்தாள். நடுவில் சேர்க்கச் சொன்னதும் உதடு பிதுங்கி, அழுதுவிட்டாள். ஒரு வியாழக்கிழமை டீச்சர் அவளைத் தனியாக உட்காரவைத்து, பழைய படத்தையே எடுத்துக் காட்டினார்.

“இந்தத் தவளை எங்க போச்சுன்னு சொல்லு. பையைத் தூக்கிக்கிட்டுப் போச்சுல்ல, அது இப்ப எங்க இருக்கும்?”

நஸீஹா படத்தைக் கூர்ந்து பார்த்தாள். அதை வரைந்தது யாரோ என்பது போல இருந்தது அவள் பார்வை.

“தவளை வரஞ்சா மார்க் போயிரும் டீச்சர்.”

ஜெகதீஸ்வரி எழுந்து கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றார். பத்தொன்பது வயதில் வெற்றுத் தாளின் முன் உட்கார்ந்தபோதுகூட இவ்வளவு வலிக்கவில்லை என்று பின்னாளில் சொன்னார். அதைச் செய்தது யாரென்று அப்போது தெரியாது. அப்பாவைக் குறை சொல்லலாம், போட்டியைக் குறை சொல்லலாம். நஸீஹாவுக்கு நடந்ததற்கு, தன்னைத் தவிர, குறை சொல்ல வேறு ஆள் இல்லை.

யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது. அக்டோபரில் ஒருநாள் சாதிக்கைப் படிக்கட்டில் நிறுத்தினார்.

“அண்ணே, அடுத்த போட்டிக்கு நஸீஹா வேணாம். கொஞ்ச நாளு விட்ருங்க. அவ சொந்தமா வரைய மறந்துட்டா.”

“மறந்துட்டாளா? இப்பத்தான டீச்சர் வரையவே தெரிஞ்சிருக்கு! முந்தி கிறுக்கிக்கிட்டுல்ல கெடந்தா.”

“அந்தக் கிறுக்கல்தாண்ணே…” என்று தொடங்கினார். காதுக்குள் ஒரு மனிதன் கூட்டினான், இப்போது கூட்டுவதில்லை. இதை எப்படி ஒரு நஷ்டமாக எடுத்துச் சொல்வது?

சாதிக்கின் முகம் வாடிவிட்டது. “நீங்கதான டீச்சர் சொல்லிக் குடுத்தீங்க. எங்க குடும்பத்துல யாரு எதுல முதல்ல வந்திருக்கா? எம்புள்ள வந்துச்சு. ஜெயிச்சது தப்பா டீச்சர்?”

“தப்பில்லண்ணே” என்றார் ஜெகதீஸ்வரி.

புதிதாகச் சேர்ந்த பதினான்கு பேரும் கோப்பைக்காகவே வந்தவர்கள். அவர்களுடைய தாய்மார் வகுப்புக்கு வெளியே உட்கார்ந்து, எப்போது வானம் ஆரம்பிக்கும் என்று கேட்டார்கள். நவம்பருக்குள் மேசைகளின் அடியில் ஒட்டியிருந்த டேப்பெல்லாம் சுரண்டி எடுக்கப்பட்டது. வகுப்பைக் காப்பாற்றியாயிற்று, அதற்குள் இருந்தது போய்விட்டது. பள்ளி ஆண்டு முடிந்ததும் ஜெகதீஸ்வரி வேலையை விட்டார். சலேஹா காரணம் கேட்டதற்கு, பஸ் பயணம் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றார். “பொய் சொல்லாத ஜெகா” என்று சலேஹா சொன்னாராம்.

பயிற்சிக்கு வந்தவன் பட்டம் வாங்கியபின் ஒருமுறை ஆயர் ஈத்தாம் ஃப்ளாட்டுக்குப் போனான். வாசு காப்பி கலக்கிக் கொடுத்தார். டீச்சர் சிரித்துப் பேசினார். பட்டமளிப்புப் படத்தைக் கையில் வாங்கிப் பார்த்து, “உங்கம்மா முகத்துல என்னா பெருமை பாருங்க தம்பி” என்றார். பிள்ளைகளைப் பற்றிப் பேச்சு வந்தபோது மட்டும் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கிளம்பும்போது அவன் தன் பங்கையும் சொல்ல நினைத்தான், அன்றைக்கு வாயைத் திறந்திருக்கலாம் என்று. அவர் அதற்குள் அவனுக்கு லிஃப்ட் பொத்தானை அழுத்திவிட்டார்.

நஸீஹா இப்போது ஆரம்பப் பள்ளியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். போட்டிகளுக்குப் போகிறாள், பரிசும் வாங்குகிறாள். ஜெகதீஸ்வரி பத்து காவான் என்ற ஊரில் மருத்துவக் குழாய் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவில் இருக்கிறார். பன்னிரண்டு மணி நேர வேலை. பூதக்கண்ணாடி விளக்குக்குக் கீழே குழாய்களை ஒவ்வொன்றாகப் பார்த்துப் பழுதானதை ஒதுக்க வேண்டும். விடிவதற்கு முன் தொழிற்சாலை பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போகிறது. பிள்ளைகளுக்கு எதுவும் சொல்லிக் கொடுப்பதில்லை. அப்பாவோடு அதே ஃப்ளாட்டில்தான் இருக்கிறார்.